முன் பிரேக்கின் மீது ஒரு பழைய பயம்

நேயர்களுக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறவர்களின் பாதுகாப்பு பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எங்கே தொடங்கினாலும் நான் முன் பிரேக்கில், அதாவது வலது கைப்பிடியில் விரலால் பிடிக்கும் பிரேக்கில்தான் வந்து நிற்பேன் என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். அதனால் இன்று அங்கேயே தொடங்கிவிடுகிறேன்.

எனக்கு வண்டி கற்றுத்தந்தவர் என் சித்தப்பா. ‘முன் பிரேக்கைத் தொடாதே, தலைகுப்புறத் தள்ளிவிடும்’ என்பது அவருடைய முதல் பாடம். உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். ஒன்பது ஆண்டுகள் அந்த வாக்கைக் காப்பாற்றினேன். ஒருநாள் காலை, எதிரே வந்த கார் சட்டென்று என் குறுக்கே திரும்பியது. ஓட்டியவர் என் பக்கம் பார்க்கத்தான் செய்தார். ஆனால் நான் அவர் கண்ணில் படவில்லை. சந்திப்புகளில் இது அடிக்கடி நடக்கிறது. கார் வருகிறதா என்று தேடும் கண்ணுக்கு ஒல்லியான மோட்டார் சைக்கிள் தப்பிவிடுகிறது.

வலது காலால் பின் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பின் சக்கரம் உருளாமல் வழுக்கியது. வண்டியின் வால் ஒரு பக்கம் ஒதுங்கியது. நானும் வண்டியும் சாய்ந்தபடியே இழுபட்டு, கார்க் கதவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம். திரும்பிப் பார்த்தால், தார்ச்சாலையில் பின் டயர் இழுத்த கருப்புக் கோடு. எட்டு வைத்து நடந்து அளந்தேன், 14 எட்டு.

வண்டியைப் பழுது பார்த்த மெக்கானிக், “பின் பிரேக் ஷூவை மூன்று முறை மாற்றியாயிற்று. முன் பிரேக் பேட் மட்டும் புத்தம் புதிதாக இருக்கிறதே சார்!” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது ஓட்டுநர் பிரேக் போட்டால் என்ன ஆகிறது? எல்லோரும் முன்னால் சாய்கிறோம். மோட்டார் சைக்கிளிலும் அப்படியே. பிரேக் பிடித்ததும் பாரம் முன் சக்கரத்துக்குப் போய்விடுகிறது. முன் டயர் சாலையை அழுத்திப் பற்றுகிறது, பின் டயர் பாரமிழந்து வழுக்குகிறது. காய்ந்த சாலையில் வண்டியை நிறுத்தும் வலுவில் 70 விழுக்காடோ அதற்கு மேலோ முன் பிரேக்கிலிருந்துதான் வருகிறது. பின் பிரேக்கை மட்டும் நம்பினால், நிற்க வேண்டிய தூரம் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில், ஆபத்தை உணர்ந்து விரல் அசைய எடுக்கும் ஒரு நொடியிலேயே 17 மீட்டர் போய்விடுகிறது. மிச்சத் தூரத்தையும் வீணாக்கலாமா?

சித்தப்பா சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. வெடுக்கென்று இழுத்தால் முன் சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைக் கீழே தள்ளும். ஆகவே இழுக்கக் கூடாது, பிழிய வேண்டும். எலுமிச்சம்பழத்தைப் பிழிவது போல: முதலில் மெல்ல, பாரம் முன்னால் வந்ததும் வலுவாக. வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கையில் இருக்கும் கரண்டிக் காம்பிலேயே பழகலாம். வண்டியில் பழக ஆளில்லாத, காய்ந்த, சமதளமான இடம் போதும். முதலில் 20 கிலோமீட்டர் வேகத்தில். வளைவில் சாய்ந்திருக்கும்போதோ, மணல் கிடக்கும் இடத்திலோ முன் பிரேக்கை வலுவாகப் பிடிக்கலாகாது. அங்கே நுழைவதற்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். ஏ.பி.எஸ். என்ற பூட்டுத் தடுப்பு பிரேக் அமைப்பு இருக்கும் வண்டியில் சக்கரம் பூட்டிக்கொள்ளாது என்றாலும் விரலுக்குப் பழக்கம் வேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: இழுக்காதீர்கள், பிழியுங்கள்.

கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் ஒரு விரலைக் காட்டுகிறார். ஒரு நிமிடம். ஹெல்மெட்டுக்கு அரை மணி நேரம் வேண்டுமென்று நினைத்து வந்தேன்! சரி, தாடை வாரை மாட்டுங்கள். வாருக்கும் தாடைக்கும் இடையில் ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் நுழையலாம். வார் மாட்டாத ஹெல்மெட் விழும்போது நமக்கு முன்னால் பறந்துவிடும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும், மாற்றிவிடுங்கள்.

டயர் காற்று பற்றி எழுதி வந்த தாள் அப்படியே இருக்கிறது. காலையில், டயர் சூடாவதற்கு முன், வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள். வணக்கம்.