பாக்ஸிங் கிளவுஸ் உண்மையில் யாரைக் காக்கிறது? என் பெரியப்பாவின் குத்துச்சண்டை வாழ்க்கை

[திரையில்: சிவப்பு நிற கிளவுஸ், மிக அருகில்]

வணக்கம். தடித்த பஞ்சு வைத்துத் தைத்த இந்த கிளவுஸ், குத்து வாங்குகிறவரின் தலையைக் காப்பதற்காகவே இருக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் அது முதன்மையாகக் காப்பது குத்துகிறவரின் கை எலும்புகளை. வெறுங்கையால் மண்டையோட்டில் ஓங்கிக் குத்தினால் விரல் எலும்பு முறிந்துவிடும் என்ற அச்சம் இருக்கும். கிளவுஸ் அணிந்தவருக்கு அந்த அச்சம் குறைந்துவிடுவதால், தலையையே குறிவைத்துத் திரும்பத் திரும்பக் குத்த முடிகிறது.

வட சென்னைக் குத்துச்சண்டையின் வரலாறு தனி வீடியோவுக்கு உரியது. வெள்ளையர் காலத்தில் வந்த விளையாட்டைத் துறைமுகத் தொழிலாளர்களும் மீனவர்களும் தமதாக்கிக்கொண்டு, சார்பட்டா, இடியப்ப நாயக்கர் எனப் பரம்பரைகளாகப் பிரிந்து மோதினார்கள் என்பது மட்டும் இப்போதைக்குப் போதும். என் பெரியப்பாவும் அப்படி மேடையேறியவர். பகலெல்லாம் மூட்டை சுமந்த ஒரு மனிதரை, சண்டைக்கு மறுநாள் ராயபுரத்துத் தெருவே பெயர் சொல்லி அழைத்தது. அந்த மரியாதையை அவருக்கு வேறெந்த வேலையும் கொடுத்ததில்லை. இனி நான் சொல்லும் எல்லாவற்றையும் அந்த உண்மையோடு சேர்த்தே கேளுங்கள்.

[திரையில்: 1980, சென்னை]

1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் கண்காட்சிப் போட்டி நடந்தது; எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். கூட்டத்தில் ஒருவராக நின்று பார்த்த பெரியப்பா, அலியின் கால்கள் தரையில் பட்டதே தெரியவில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பின் சில மாதங்களில் நடந்ததுதான் என்னை உலுக்குகிறது. அப்போதைய உலகச் சாம்பியன் லாரி ஹோம்ஸுடன் மோத அனுமதி பெறுவதற்காக, அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் அலியைப் பரிசோதித்தார்கள். விரலால் மூக்கின் நுனியைச் சரியாகத் தொடுவதில் அவருக்குத் தடுமாற்றம் இருந்ததும், ஒற்றைக் காலில் குதிக்கும்போது எதிர்பார்த்த லாவகம் இல்லாததும் அந்த அறிக்கையில் பதிவாயின. காற்றில் மிதக்கிறவர் என்று உலகம் கொண்டாடிய மனிதரின் கால்களைப் பற்றிய குறிப்பு அது. ஆனாலும் சண்டை நடக்கவிருந்த நெவாடா மாநிலம் அனுமதி கொடுத்தது. அக்டோபர் 2ஆம் தேதி நடந்த அந்தச் சண்டையில், நடுவர்கள் மூவரின் கணக்கிலும் அலி ஒரு ரவுண்டைக்கூட வெல்லவில்லை. பத்தாவது ரவுண்டு முடிந்ததும் அவருடைய பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி சண்டையை நிறுத்தினார். அதன் பிறகும் 1981இல் ட்ரெவர் பெர்பிக்குடன் மோதவிட்டார்கள். 1984இல் பார்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. அலியின் நோய்க்குக் குத்துகள்தான் காரணமா என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் உடல் முன்கூட்டியே எச்சரித்ததும், அந்த எச்சரிக்கை எழுத்தில் இருந்தும் அவரை மேடையேற்றியதும் விவாதத்துக்கு இடமில்லாதவை. எத்தனை முறை படித்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

[திரையில்: மண்டையோட்டுக்குள் மூளை, வரைபடம்]

உள்ளே என்ன நடக்கிறது? நீர் நிறைந்த கிண்ணத்தைச் சட்டென்று திருப்பினால், கிண்ணம் திரும்பிய பிறகே உள்ளிருக்கும் நீர் தாமதமாகச் சுழலத் தொடங்கும். தாடையில் பக்கவாட்டாக விழும் ஹூக் குத்தில் தலை திரும்ப, மூளை அதேபோலப் பின்தங்கிச் சுழன்று, நரம்பிழைகள் இழுபடுகின்றன. மூளையின் மேலுள்ள இரத்தக்குழாய் அறுந்தால் உடனடி ஆபத்து: 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மான்சினியுடன் மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூ அப்படித்தான் இறந்தார். அதற்குப் பிறகே உலகப் பட்டச் சண்டைகள் 15 ரவுண்டிலிருந்து 12 ஆகக் குறையத் தொடங்கின. தலைக்கவசம் தோல் கிழிவதைத் தடுக்கும்; இந்தச் சுழற்சியைத் தடுப்பதாக உறுதியான சான்று இல்லை.

மெதுவாக வரும் ஆபத்து வேறு வகை. 1928இலேயே ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தையும் மறதியையும் பதிவு செய்தார். 1969இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், முன்னாள் தொழில்முறை வீரர்கள் 224 பேரைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ 17 சதவீதத்தினரிடம் மூளைச் சேதத்தின் அறிகுறிகள் காணப்பட்டன. அதிக ஆண்டுகள், அதிகச் சண்டைகள் கண்டவர்களிடம் அது கூடுதலாக இருந்தது.

பெரியப்பாவுக்கு ஐம்பதுகளின் பிற்பகுதியில் பேச்சு குழறியது. காரணமில்லாமல் கோபம் வந்தது. வீட்டு வாசலில் நின்றுகொண்டே வழி கேட்டார். குத்துகளால் வந்ததா, வயதால் வந்ததா என்று மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் இந்த மூளைச் சிதைவை இறந்த பின் மூளையைச் சோதித்தே உறுதிப்படுத்த முடிகிறது. பெரியம்மா ஒருமுறை என்னிடம் சொன்னார்: “சண்டை இருக்கிற ராத்திரிதான் எனக்குத் தூக்கம் வராது. பயிற்சிக்குப் போனா நிம்மதியா சமைச்சுக்கிட்டு இருப்பேன்.” சண்டை எப்போதோ ஒருமுறை நடந்தது. பயிற்சியில் ஸ்பாரிங், அதாவது சக வீரருடன் மோதிப் பழகுவது, வாரம் முழுக்க, ஆண்டுக்கணக்கில் நடந்தது. அங்கே அவர் தலையில் வாங்கிய அடிகளை எந்த நடுவரும் எண்ணவில்லை.

இந்த விளையாட்டைத் தடை செய்யச் சொல்பவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. பிரிட்டன் மருத்துவர் சங்கம் 1980களிலிருந்தே அதைக் கேட்டுவருகிறது. பெரியப்பா நிமிர்ந்து நடந்த காரணம் தெரிந்த என்னால் அதற்கு முழு மனத்தோடு சம்மதிக்க முடியவில்லை. ஆனால் ஸ்பாரிங்கில் தலைக்கு விழும் குத்துகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்துவதும், நாக்-அவுட் ஆனவரை மருத்துவர் சொல்லும்வரை பயிற்சிக்கே சேர்க்காமல் இருப்பதும் இன்றே முடியும். உங்கள் பிள்ளை பாக்ஸிங் கற்கிறார் என்றால், வாரத்தில் எத்தனை ரவுண்டு ஸ்பாரிங், அதில் தலையில் குத்த அனுமதி உண்டா, தலைவலி என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்று வாத்தியாரிடம் நேராகக் கேளுங்கள். அவர் சொன்ன பதிலைக் கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.