யூ.எஸ்.பி. போர்ட் வேலை செய்யவில்லையா? முதலில் கரண்டைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

"அண்ணே, யூ.எஸ்.பி. போயிடுச்சு. மதர்போர்டு மாத்தணுமா?" சர்வீஸ் கடைக்கு சிபியு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் படியேறும்போதே கேட்கிற கேள்வி இது. மாற்ற வேண்டிய நிலைமை வருவதும் உண்டுதான். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். வீட்டிலும் கடையிலும் மேசைமேல் இருக்கிற டெஸ்க்டாப்பை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். லேப்டாப் கதை வேறு.

யூ.எஸ்.பி. என்றதும் நமக்கு பென் டிரைவும் ஃபைலும்தான் ஞாபகம் வரும். எனக்கு முதலில் கரண்ட்தான் ஞாபகம் வரும். அந்தத் துளை தகவல் போகிற வழி மட்டுமில்லை, ஐந்து வோல்ட் கொடுக்கிற பிளக் பாயின்ட்டும்கூட. செத்துப்போனதாகக் கடைக்கு வருகிற போர்ட்டுகளில் தகராறு அநேகமாக அந்த ஐந்து வோல்ட்டில்தான் இருக்கும்.

கரண்ட் வருகிறதா என்று பார்க்க மீட்டர் தேவையில்லை. கீபோர்டில் 'நம் லாக்' (Num Lock) என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதற்கென்று ஒரு சின்ன விளக்கும் இருக்கும். கீபோர்டைச் சந்தேகமான போர்ட்டில் சொருகி, பொத்தானை அமுக்குங்கள். விளக்கு எரிந்து அணைகிறதா? அந்த விளக்கைக் கீபோர்டு தானாகப் போடுவதில்லை. நீங்கள் அமுக்கியதை அது கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. கம்ப்யூட்டர் 'சரி, போடு' என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் விளக்கு எரிகிறது. அமுக்க அமுக்க மாறுகிறதென்றால் கரண்டும் இருக்கிறது, தகவலும் இரண்டு பக்கமும் போய்வருகிறது. அந்தப் போர்ட்டில் குறையில்லை. சிபியுவை ஆன் செய்தபோது விளக்குகள் ஒரு கணம் மின்னிவிட்டு, அப்புறம் அமுக்கினால் அசைவே இல்லை என்றால், கரண்ட் வந்திருக்கிறது, பேச்சுதான் நின்றுபோயிருக்கிறது. மின்னவே இல்லையா? அதே கீபோர்டை வேறு போர்ட்டில் சொருகிப் பாருங்கள். அங்கே எரிந்தால் முதல் போர்ட்டுக்குக் கரண்ட் வரவில்லை. எங்கேயுமே எரியவில்லை என்றால் கீபோர்டையே சந்தேகப்படலாம்.

அடுத்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். போர்ட்டுக்குள் நாக்கு மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். பழைய வகையில் கறுப்பு அல்லது வெள்ளை, யூ.எஸ்.பி. 3 என்றால் பெரும்பாலும் நீலம். அதில் நான்கு பித்தளை நிறப் பட்டைகள் (நீலத்தில் இன்னும் ஐந்து கூடுதலாக இருக்கும்). இப்போது பென் டிரைவின் முனையையும் கையில் எடுத்துப் பாருங்கள். அங்கேயும் நான்கு பட்டைகள், ஆனால் ஓரத்தில் உள்ள இரண்டும் நுனிவரை நீண்டிருக்கும், நடுவில் உள்ள இரண்டும் கொஞ்சம் உள்ளடங்கி நிற்கும். ஓரத்துப் பட்டைகள் கரண்டுக்கு, நடுப்பட்டைகள் தகவலுக்கு. சொருகும்போது கரண்ட் முதலில் சேரட்டும், தகவல் பிறகு சேரட்டும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். "பென் டிரைவில் லைட் எரியுது, ஆனா கம்ப்யூட்டர்ல வரமாட்டேங்குது" என்று ஒருவர் சொன்னால், முழுசாக உள்ளே போகாமல் பாதியில் நிற்கிறதா என்று நான் பார்ப்பது இதனால்தான். கேபினட்டின் தகடு ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் போதும், முனை தகட்டில் இடித்து நின்றுவிடும். தூசு அடைத்திருந்தாலும் இதே கதைதான். மிஷினை அணைத்து, கரண்ட் ஒயரையும் பிடுங்கிவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஊசி, ஹேர்பின் எல்லாம் வேண்டாம்.

சாதாரண ஏ வகை போர்ட்டை 1500 தடவை சொருகி எடுப்பதற்குத் தாங்க வேண்டும் என்றுதான் வடிவமைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு அது பல வருஷத்துக்குப் போதும். ஜெராக்ஸ் கடையில் முன்பக்கத்து போர்ட்டுக்கு அந்தக் கணக்கு சில மாதங்களில் தீர்ந்துவிடும். அதோடு தலைகீழாகச் சொருகப் பார்க்கிற பழக்கம் வேறு. யூ.எஸ்.பி.யை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியமானவர் அஜய் பட், குஜராத்தில் வதோதராவில் படித்தவர். முதல் வடிவம் 1996-இல் வந்தது. எப்படித் திருப்பிச் சொருகினாலும் போகிற மாதிரி செய்திருந்தால் ஒயரும் சர்க்யூட்டும் கூடி விலை ஏறியிருக்கும் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். விலை குறைந்தது, உலகமெங்கும் பரவியது, நல்லது. ஆனால் உடைந்த நாக்குகளை நாள்தோறும் பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு அந்தச் சிக்கனத்தின்மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அப்படி ஒரு நாக்கு உடைந்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். ஒரு ஜெராக்ஸ் கடையிலிருந்து மிஷின் வந்தது. ஆன் செய்தால் கறுப்புத் திரையில் இரண்டு வரி ஆங்கிலம் வரும், பதினைந்து வினாடியில் தானாக அணைந்துவிடும். கடைக்காரர் எஸ்.எம்.பி.எஸ். (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டி) போய்விட்டதென்று புதிதாக ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். அப்போதும் பதினைந்தே வினாடிதான். திரையில் வந்ததை அவர் நின்று படிக்கவில்லை. 'யூ.எஸ்.பி. டிவைஸ் ஓவர் கரண்ட்' என்றுதான் அது சொல்லிக்கொண்டிருந்தது. முன்பக்கத்துப் போர்ட்டில் டார்ச் அடித்தால் நாக்கைக் காணோம். நான்கு கம்பிகளும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று வளைந்து சுற்றியுள்ள தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதாவது ஐந்து வோல்ட் நேராக பாடியில் ஷார்ட். மதர்போர்டு அதைக் கண்டுபிடித்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துகொண்டிருக்கிறது. கேபினட்டைத் திறந்து, முன்பக்கப் போர்ட்டிலிருந்து மதர்போர்டுக்கு வருகிற ஒயரின் பிளக்கை உருவிவிட்டேன். ஒன்பது பின் உள்ள சின்ன பிளக் அது. மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. பின்பக்கப் போர்ட்டுகள் மதர்போர்டிலேயே பற்றவைத்தவை, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எல்லா மதர்போர்டும் இப்படித் திரையில் எழுதிக்காட்டாது. பலவற்றில் போர்ட்டுக்குப் போகிற கரண்ட் பாதையில் ஒரு குட்டி ஃபியூஸ் இருக்கும், சிலவற்றில் இரண்டு போர்ட்டுக்கும் சேர்த்து ஒன்று. நம் மெயின் பாக்ஸ் ஃபியூஸ் மாதிரி அறுந்துபோகிற ரகமில்லை. கரண்ட் அதிகமானால் சூடேறி வழியை அடைத்துக்கொள்ளும், ஆறினால் திறந்துகொள்ளும். யூ.எஸ்.பி. 2 போர்ட் 500 மில்லி ஆம்பியர் கொடுக்க வேண்டும், யூ.எஸ்.பி. 3 என்றால் 900. கணக்கு அவ்வளவுதான். அதில் போய் மேசை ஃபேனைச் சொருகுகிறோம், லைட்டைச் சொருகுகிறோம், செல்போனுக்கு சார்ஜ் போடுகிறோம், பக்கத்திலேயே எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க். ஹார்டு டிஸ்க் சுழல ஆரம்பிக்கிற நேரத்தில்தான் கரண்டை அதிகம் இழுக்கும். டிக் டிக் என்று சத்தம் வந்து, வந்து வந்து மறைகிறதென்றால், டிஸ்க் போய்விட்டதென்று பயப்படுவதற்கு முன் மற்றதையெல்லாம் பிடுங்கிவிட்டு, அதைப் பின்பக்கத்தில் சொருகிப் பாருங்கள். முன்பக்கப் போர்ட்டுக்கு உள்ளே நீளமான ஒயர் போகிறது, வோல்டேஜ் வழியிலேயே கொஞ்சம் இறங்கிவிடும்.

அப்புறம், நான் போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்த ஒரு வைத்தியம். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன் அண்ணே, அப்படியேதான் இருக்கு" என்பார்கள். விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தால் கம்ப்யூட்டர் முழுதாக அணைவதில்லை. எஸ்.எம்.பி.எஸ். ஒரு ஐந்து வோல்ட்டை எப்போதும் விட்டுக்கொண்டே இருக்கும். அணைத்த பிறகும் மௌஸ் அடியில் சிவப்பு வெளிச்சம் தெரிவது அதனால்தான். விண்டோஸ் 8-இலிருந்து இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சீக்கிரம் ஆன் ஆகட்டும் என்று, ஷட் டவுன் செய்யும்போது சிஸ்டத்தின் உள்நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்து, மறுபடி அதையே எடுத்துக்கொள்ளும். நேற்றைய கோளாறும் அதோடு திரும்பி வரலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஆரம்பிக்கும். ஆகவே ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சரியாகவில்லையா, அணைத்துவிட்டு யூ.எஸ்.பி.யில் உள்ள எல்லாவற்றையும் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, சிபியுவின் பின்னாலிருந்து கரண்ட் ஒயரையே உருவுங்கள். இப்போது முன்பக்கத்துப் பவர் பொத்தானைப் பத்துப் பதினைந்து வினாடி அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கிற மின்சாரம் வடிந்துவிடும். ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி மாட்டுங்கள். மிரண்டுபோய் நின்ற யூ.எஸ்.பி. சிப் பல தடவை இதிலேயே எழுந்துவிடும்.

எழுந்தது மறுபடி மறுபடி படுக்கிறதென்றால், நான் கம்ப்யூட்டரை விட்டுவிட்டுச் சுவரைப் பார்ப்பேன். உங்கள் கேபினட்டைத் தொட்டால் விரலில் சுரீர் என்று இருக்கிறதா? வெறுங்காலோடு நிற்கும்போது கூடுதலாகத் தெரிகிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்.எம்.பி.எஸ். உள்ளே வரும் இரண்டு ஒயரிலிருந்தும் பாடிக்கு இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள், இரைச்சலை எர்த்துக்குத் தள்ளிவிட. எர்த் இருந்தால் பிரச்சினையில்லை. எர்த் இல்லாதபோது பாடி 230 வோல்ட்டில் பாதி அளவில், 115 வோல்ட்டை ஒட்டி, மிதந்துகொண்டிருக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் நம்மைச் சுரீர் என்று கடிப்பதோடு விட்டுவிடுகிறது. ஆனால் வேறு பாயின்ட்டில் மாட்டிய பிரின்டரின் யூ.எஸ்.பி. ஒயரைக் கொண்டுவந்து நாம் சொருகுகிற அந்தக் கணத்தில், இரண்டு பாடிக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அந்த மெல்லிய ஒயர் வழியாகத்தான் பாய்கிறது. ஓரத்தகடு முதலில் தொட்டால் தப்பித்தோம். தொடாமல் தகவல் பட்டை வழியாகப் போனால் அன்றைக்கு அந்தப் போர்ட் கதை முடிந்தது. மூன்று பின் பிளக்கில் மேலே உள்ள தடித்த பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் மாட்டுவதை எத்தனையோ வீட்டில் பார்க்கிறேன். சாக்கெட்டில் மூன்று துளை இருந்தும் எர்த் துளைக்குப் பின்னால் ஒயரே இல்லாத வீடுகளும் ஏராளம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், அது யூ.எஸ்.பி. போர்ட்டுக்காக மட்டுமல்ல. அதுவரைக்கும் கம்ப்யூட்டரையும் பிரின்டரையும் ஒரே பலகையில் மாட்டி, ஒயரைச் சொருகும்போது இரண்டையும் கரண்டிலிருந்தே பிடுங்கி வைத்துவிட்டுச் சொருகுங்கள்.

சரி, கரண்டெல்லாம் ஒழுங்கு, ஆனாலும் வேலை செய்யவில்லை. இப்போதுதான் விண்டோஸைச் சந்தேகப்பட வேண்டும். மிஷினை ஆன் செய்தவுடன் டெலிட் பொத்தானையோ எஃப்2-வையோ தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திரை, அதாவது விண்டோஸ் வருவதற்கு முந்தைய செட்டிங் திரை, வரும். அங்கே கீபோர்டு நன்றாக வேலை செய்து, விண்டோஸ் வந்ததும் செத்துப்போகிறதென்றால் போர்ட் நல்ல போர்ட்தான்.

இ-சேவை மையம் நடத்துகிறவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரிந்திருக்கும். கைரேகை வைக்கிற கருவி கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் உறங்கிவிடும். வரிசையில் பாட்டி விரலை வைத்து வைத்துப் பார்ப்பார், அசையாது. பிடுங்கிச் சொருகினால் வேலை செய்யும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, சும்மா இருக்கிற போர்ட்டை விண்டோஸ் அணைத்துவைக்கிறது. ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், கீழே யூ.எஸ்.பி. கன்ட்ரோலர்கள் வரிசையில் ரூட் ஹப் என்று இருக்கும். அதன் பிராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் ஒரே ஒரு டிக் முக்கியம், கருவியை அணைக்க அனுமதி கொடுக்கிற டிக். அதை எடுத்துவிடுங்கள். எத்தனை ரூட் ஹப் இருக்கிறதோ அத்தனைக்கும். அதே இடத்தில் கன்ட்ரோலரை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுக்கச் சொல்லி எல்லோரும் யோசனை சொல்வார்கள். நல்ல வைத்தியம்தான், ஆனால் அன்இன்ஸ்டால் ஆன கணத்திலேயே உங்கள் மௌஸும் கீபோர்டும் நின்றுவிடலாம், ரீஸ்டார்ட்டை எதை வைத்துக் கொடுப்பீர்கள்? பின்பக்கத்தில் ஊதா நிறத்தில் வட்டமான பழைய கீபோர்டு துளை இருந்தால், மிஷினை அணைத்து ஒரு பழைய கீபோர்டை அதில் மாட்டிக்கொண்டு இந்த வேலையில் இறங்குங்கள். நான் அப்படி ஒரு கீபோர்டைக் கடையில் தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறேன்.

சில சமயம் தப்பு மைக்ரோசாஃப்டிடமே இருக்கும். 2025 அக்டோபர் 14 அன்று வந்த விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பிறகு, ரிக்கவரி திரையில் யூ.எஸ்.பி. கீபோர்டும் மௌஸும் வேலை செய்யவில்லை. விண்டோஸுக்குள் போனால் இரண்டும் சாதாரணமாக ஓடும். பழுதுபார்க்கிற திரையில் மட்டும் கை கட்டிப்போட்ட மாதிரி. அக்டோபர் 20-இல் அதற்கென்று தனியாக ஓர் அப்டேட் விட்டுச் சரிசெய்தார்கள்.

ஒயர் இல்லாத மௌஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மௌஸ் தத்தித் தத்திப் போனால், அதன் குட்டி ரிசீவருக்குப் பக்கத்து நீலப் போர்ட்டில் ஹார்டு டிஸ்க் இருக்கிறதா பாருங்கள். யூ.எஸ்.பி. 3 ஓடும்போது எழுகிற இரைச்சல், மௌஸ் பேசுகிற 2.4 கிகாஹெர்ட்ஸிலும் விழுகிறது. இன்டெல் 2012-இலேயே இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. ரிசீவரை ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரில் போட்டுத் தள்ளி வைத்தால் தீர்ந்தது.

இவ்வளவும் பார்த்த பிறகும் போர்ட் எழவில்லை என்றால், நிஜமாகவே போய்விட்டது. ஓரிரண்டு போர்ட் போனதற்கெல்லாம் மதர்போர்டை மாற்ற வேண்டாம். உள்ளே மதர்போர்டில் கூடுதல் கார்டு சொருகுகிற பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் ஒன்று காலியாக இருந்தால், நான்கு யூ.எஸ்.பி. போர்ட் உள்ள கார்டு வாங்கிச் சொருகிக்கொள்ளலாம். அதற்கென்று தனி சிப் இருப்பதால் பழைய போர்ட்டின் நோய் இதற்கு வராது. கார்டில் எஸ்.எம்.பி.எஸ். ஒயர் மாட்டுகிற இடம் இருந்தால் மறக்காமல் மாட்டுங்கள், இல்லாவிட்டால் ஹார்டு டிஸ்க்கைத் தூக்காது. எல்லாப் போர்ட்டும் ஒரே நாளில் போய், மதர்போர்டில் யூ.எஸ்.பி.யையும் கவனித்துக்கொள்கிற சிப்செட் என்ற பெரிய சிப்பின் மேல் உள்ள அலுமினியத் துண்டு கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறதென்றால் மட்டும் கார்டில் காசு போடாதீர்கள். சிப்பே ஷார்ட் ஆகியிருக்கலாம். அப்போதைக்கு மிஷினை ஓட்டாமல், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு, பெட்டியை மட்டும் கடைக்கு எடுத்துப் போங்கள்.

வணக்கம்.