தோற்றால் யார் மேல் கோபம் வருகிறது?

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் கொழிஞ்சாம்பாறை வாசகசாலைக்குள் நுழையும்போதே ஓர் அண்ணன் என்னை நிறுத்திக் கேட்டார்: "பையன் எந்நேரமும் கேம்தான். அதிலும் நல்லது, கெட்டது என்று இருக்கிறதா தம்பி?" இருக்கிறது அண்ணா. அதைப் பேசத்தான் வந்தேன்.

படம் பளபளவென்று இருக்கிறதா என்றுதான் பலரும் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். கோயில் கல்லில் கீறிவைத்த ஆடுபுலி ஆட்டத்தில் என்ன படம் இருக்கிறது? 3 புலி, 15 ஆடு, சில கோடுகள். உட்கார்ந்தால் ஒரு மத்தியானமே போய்விடும். 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னவ் செய்த டெட்ரிஸ் என்ற கேமிலும் வெறும் கட்டங்கள்தான்.

தோற்றதும் யார் மேல் கோபம் வருகிறது? அதைத்தான் நான் முதலில் கவனிப்பேன். "சே, அவசரப்பட்டுட்டேனே" என்று பையன் மறுபடி தொடங்கினால் அது நல்ல கேம். "நான் அமுக்கினேன், அது குதிக்கவே இல்லை" என்றால் கோளாறு கேமில்.

1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேமின் தொடக்கத்தைப் பாருங்கள். அதில் நாம்தான் மாரியோ. ஒரு வரி விளக்கம்கூடக் கிடையாது. எதிரே ஒரு பூதம் நடந்து வருகிறது. சும்மா நின்றால் செத்தோம். போனது சில நொடிதான், அடுத்த முறை குதிப்போம். கேள்விக்குறி போட்ட கட்டையை முட்டினால் ஒரு காளான் கிளம்பும். அது வலப்பக்கம் ஓடி, குழாயில் மோதி, நம்மிடமே திரும்பி வரும். பயந்து தாவினாலும் மேலே இருக்கிற கட்டையில் தலை இடித்து அந்தக் காளான் மேலேயே விழுவோம். விழுந்தால் மாரியோ பெரியவனாகிவிடுவான்! நல்ல வாத்தியார் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்.

வேண்டுமென்றே காக்கவைத்து, "காசு கட்டு, சீக்கிரம் போகலாம்" என்கிற கேம்களும் உண்டு. அவற்றுக்கு நான் மதிப்பெண்ணே போடுவதில்லை.

அப்புறம், கேரள-தமிழ்நாடு எல்லையோரம் இருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒன்று. 2013இல் லூகாஸ் போப் உருவாக்கிய 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. அதில் நீங்கள் எல்லைச் சாவடி அதிகாரி. பாஸ்போர்ட், பெயர், தேதி, முத்திரை எல்லாம் சரிபார்த்து ஆளை விட வேண்டும். எத்தனை பேரைச் சரியாகப் பார்த்தீர்களோ அத்தனைக்குத்தான் கூலி. வீட்டில் சாப்பாடு, கணப்பு, மருந்து எல்லாம் அதிலிருந்துதான். ஒரு நாள் ஒருவர் வருகிறார், காகிதம் எல்லாம் சரி. பின்னாலேயே அவர் மனைவி. மனைவியிடம் அனுமதிச் சீட்டு இல்லை. விடுவதா, தடுப்பதா?

கொரோனா சமயத்தில் கோபாலபுரம் செக்போஸ்டிலும் வாளையாரிலும் பாஸுக்காக நின்றவர்கள் இங்கே எத்தனை பேர்! அன்று சன்னலுக்கு வெளியே நின்றோம். இந்தக் கேம் நம்மை உள்ளே உட்காரவைக்கிறது. இரக்கப்படு என்று கேம் நமக்கு உபதேசம் செய்வதில்லை. முத்திரைக் கட்டை நம் கையில் இருக்கிறது, வரிசை நீள்கிறது, அவ்வளவுதான். விதிகளை வைத்தே ஒரு கேம் இவ்வளவு சொல்கிறது என்றால், அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

லேப்டாப்பை அந்த மேஜையில் வைத்திருக்கிறேன். அண்ணா, பையனையும் கூட்டிக்கொண்டு முதலில் நீங்களே வந்து உட்காருங்கள்.