மேல் ஸ்தாயியில குரல் உடையுதா? ஒரு ஸ்ட்ரோவும் அரை போத்தல் தண்ணியும்

வணக்கம் மக்களே! சுங்கை சிப்புட்ல இருந்து பேசுறேன். தோட்டத்துக் கோயில் திருவிழா, கல்யாண டின்னர், கராவோக்கேன்னு சொந்தமா கேட்டுக் கேட்டே பாடப் பழகினவங்களுக்குத்தான் இந்த வீடியோ. கீழ நல்லா வருது, மேல போனா பிசிறடிக்குது, இல்லன்னா ‘டக்’குனு உடையுது. அதை எப்படிச் சரி பண்றதுன்னு பார்ப்போம்.

மேல் சுரம் சத்தத்தால வர்றது இல்லங்க. தொண்டையில இருக்குற ரெண்டு குரல்நாணும் நீண்டு மெலிஞ்சாத்தான் வரும். ஆர்மோனியத்துல நடு ஸ்தாயி 6 கட்டையை, அதாவது ஆறாவது வெள்ளைக் கட்டையை அமுக்கினா 440 அதிர்வு. அந்தச் சுரத்தை நீங்க பாடுறப்போ, உங்க நாண் ஒரு செகண்டுக்கு 440 தடவை திறந்து மூடுது. ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ஸ-வுல இருந்து அடுத்த ஸ வரைக்கும் மேல போனா 880. கீழ பாடுறப்போ நாண் தடிச்சு இருக்கும். அந்தத் தடிப்போடயே அழுத்தி மேல இழுத்துட்டுப் போனா, ஒரு இடத்துல தாங்காது, சட்டுனு மெலிஞ்சு கள்ளக்குரலுக்கு (ஃபால்செட்டோன்னு சொல்ற மெல்லிசு குரல்) தாவிடும். உடையுதுன்னு நாம சொல்றது அந்தத் தாவலைத்தான். அதனால உச்சியில இருக்குற சுரத்தைப் போய் முட்டிக்கிட்டு நிக்காதீங்க. தாவுற இடத்துலதான் வேலை இருக்கு.

அந்த இடம் எங்கன்னு கண்டுபிடிங்க. ஃபோன்ல தம்பூரா ஆப் ஒண்ணு போட்டுக்குங்க. ஆம்பளைங்களுக்குச் சுருதி பெரும்பாலும் 1-ல இருந்து 2 கட்டை, பொம்பளைங்களுக்கு 5-ல இருந்து 6 கட்டை. ஸ-வுல ஆரம்பிச்சு மெதுவா, சத்தம் ஏத்தாம மேல போங்க. நிறைய பேருக்கு மேல் ஸ தாண்டி ரி, க பக்கத்துல குரல் ஆட்டம் காணும். அதைக் குறிச்சு வச்சுக்குங்க.

இப்ப ஸ்ட்ரோ. தே ஐஸ் பொட்டலத்துல குடுக்குற சாதா ஸ்ட்ரோ போதும். 500 மில்லி போத்தல்ல பாதித் தண்ணி, ஸ்ட்ரோ நுனி ரெண்டு விரல் அகலம் உள்ள முங்கணும். உதட்டை இறுக்கமா மூடி, மூக்கு வழியா காத்து போகாம, ‘ஊ’ன்னு குரல் குடுங்க. வெறும் ஊதல் இல்ல, குரல் இருக்கணும். கீழ் ப-வுல இருந்து அப்படியே வழுக்கிட்டு மேல போய், திரும்பக் கீழ வாங்க.

கண்ணு குமிழி மேலயே இருக்கட்டும். சீரா ‘குளுகுளு’ன்னு வந்துட்டு இருக்குற குமிழி, தாவுற இடத்துல எகிறித் தெறிக்கும், இல்ல ஒரு நொடி நின்னுடும். எகிறினா காத்தை அள்ளித் தள்ளுறீங்க. நின்னா தொண்டையை இறுக்குறீங்க. குமிழி மாறாம அந்த இடத்தைத் தாண்டுற வரைக்கும் சத்தத்தைக் குறைச்சுக் குறைச்சுப் பாருங்க. தண்ணியோட எதிரழுத்தம் உள்ள தாங்கலா நிக்கும், அதனால நாண் ஒண்ணோட ஒண்ணு பலமா மோதாது. மேல போனாலும் அடிபடாம பழகிக்கும். 5 நிமிஷம், காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பக்கத்து வீட்டுல நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்குறவங்களுக்கும் தொந்தரவு இல்ல. கோப்பி கலக்குற மெல்லிசு ஸ்ட்ரோ ஆரம்பத்துல வேணாம், அது ரொம்ப இறுக்கம்.

குமிழி சீரானதும் ஸ்ட்ரோவை எடுத்துட்டு, ‘தங்கம்’ல வர்ற அந்த ‘ங்’ மட்டும் பிடிச்சு அதே வழுக்கல். அப்புறம் தாவுற இடத்துல நின்னு ‘ங்... ஈ’, ‘ங்... ஊ’ன்னு வாயைத் திறங்க. ‘ஆ’ கடைசியாத்தான். வாய் அகலமாத் திறந்ததும் தொண்டையும் இழுத்துப் பிடிக்கும், அதனால அதுதான் கஷ்டம். மேல் சுரத்துல ‘ஆ’ பாடுறப்போ வாய்க்குள்ள மட்டும் கொஞ்சம் ‘ஓ’ பக்கம் உருட்டிக்குங்க. அளவு மீறினா ‘வா’ங்குறது ‘வோ’ன்னு கேட்கும், ஜாக்கிரதை. ரெக்கார்ட் பண்ணிக் கேட்டா தெரிஞ்சிடும்.

பாடுறப்போ ஒரு விரலைக் குரல்வளை மேட்டுல வைங்க. மேல போகப் போக அது கொஞ்சம் ஏறலாம், தாடைக்கடியில போய் ஒட்டிக்கக் கூடாது. கட்டைவிரலைத் தாடைக்கு அடியில வச்சு அழுத்திப் பாருங்க, கல்லு மாதிரி இருந்தா நாக்கோட அடிப்பகுதி இறுகிக் கிடக்குதுன்னு அர்த்தம். முகவாயைத் தூக்குற பழக்கம் இருந்தா கண்ணாடி முன்னாடி நின்னு பழகுங்க.

இதுல நல்லா வந்தப்புறம் அரைக்கட்டை மட்டும் ஏத்துங்க. புது உயரம் நாலஞ்சு நாளைக்கு லேசா வந்தாத்தான் அடுத்தது. அவசரமே வேணாம்.

மேடைக்கு வருவோம். கராவோக்கேயில கீ (சுருதி) இறக்குற பட்டனை ஒரு தடவை தட்டினா அரைக்கட்டை இறங்கும். ரெண்டு தட்டு தட்டிட்டுப் பாடுங்க, அதுல ஒரு அவமானமும் இல்ல. மைக் இல்லாத காலத்து நாடக மேடையில கிட்டப்பா மாதிரிப் பெரியவங்க கடைசி வரிசைக்கும் கேட்கணும்னு உச்ச சுருதியில பாடினாங்க. நம்ம கையில மைக் இருக்கு. கோயில்ல இன்னொரு சிக்கல், ஸ்பீக்கர் எல்லாம் ஜனங்களைப் பார்த்து இருக்கும், பாடுறவங்க குரல் அவங்களுக்கே கேட்காது. கேட்கலன்னா தன்னால கத்துவோம், அங்கதான் உடையும். சவுண்ட் போடுற அண்ணன்கிட்ட ஒரு ஸ்பீக்கரை உங்க பக்கம் திருப்பச் சொல்லுங்க. முடியலன்னா ஒரு காதை உள்ளங்கையால மூடிக்குங்க, சுருதி தெளிவா கேட்கும்.

குடிக்கிற தண்ணி நேரா குரல்நாண்ல படாது, உடம்புல ஊறித்தான் போய்ச் சேரணும். மேடை ஏறுற நேரத்துல மடக்கு மடக்குன்னு குடிச்சு என்ன பிரயோஜனம்? காலையில இருந்தே குடிங்க. ராத்திரி மாமாக் கடையில காரமா சாப்பிட்டதும் போய்ப் படுத்தா வயித்துல இருக்குற புளிச்ச தண்ணி தொண்டைக்கு ஏறி நாணை வீங்க வைக்கும். ரெண்டு மூணு மணி நேரம் இடைவெளி விடுங்க. புகைமூட்ட நாள்ல ஸ்ட்ரோ மட்டும் போதும், பாட்டு வேணாம். தொண்டையைக் கனைக்கிற ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாணும் முட்டிக்குது. கனைக்கத் தோணினா எச்சிலை முழுங்குங்க.

பயிற்சியில களைப்பு வரலாம், வலி வரக் கூடாது. வலிச்சா அன்னிக்கு அதோட நிறுத்திடுங்க. குரல் கம்மிப் போய் மூணு வாரம் தாண்டியும் சரியாகலன்னா, வீட்டு வைத்தியத்துல நாளைக் கடத்தாம கிளினிக்குக்குப் போய், காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்கக் கடிதம் வாங்கிக்குங்க. நாண்ல முடிச்சு இருந்தா உள்ள கேமரா விட்டுப் பார்த்தாத்தான் தெரியும்.