ஐந்து நட்டும் ஒற்றை நட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

பஞ்சர் கடையில் சக்கரத்தை மாட்டும்போது கவனித்திருப்பீர்கள். ஒரு நட்டை முறுக்கியதும் பக்கத்து நட்டுக்குப் போக மாட்டார்கள், எதிர்ப்பக்கத்து நட்டுக்குப் போவார்கள். அப்படிச் செய்தால்தான் சக்கரம் சாயாமல் உட்காரும். அமெரிக்காவில் நாஸ்கார் என்ற அமைப்பு நடத்தும், சாலையில் ஓடும் கார்போலத் தோற்றமுள்ள வண்டிகள் ஓடும் ஸ்டாக் கார் பந்தயத்தின் முதன்மைத் தொடரிலும் 2021 வரை சக்கரத்துக்கு ஐந்து நட்டுதான். நட்டுகளை முன்கூட்டியே பசை போட்டுச் சக்கரத்தில் ஒட்டி வைத்திருப்பார்கள். நான்கு சக்கரம் மாற்றி, பெட்ரோலும் ஊற்றி, பதின்மூன்று பதினான்கு விநாடிக்குள் வண்டியை அனுப்பிவிடுவார்கள்.

அந்த நட்டைக் கழற்றும் காற்றுத் துப்பாக்கி இருக்கிறதே, அதில்தான் பணம் கொட்டியது. பெரிய அணிகள் பொறியாளர்களை வைத்துத் தங்களுக்கென்று துப்பாக்கியைச் செதுக்கின. ஒரு நட்டுக்குக் கண்ணிமைக்கும் நேரம் மிச்சமானாலும் இருபது நட்டு கழற்றி இருபது நட்டு முறுக்குகிறார்களே, கூட்டிப் பாருங்கள். சின்ன அணியால் இதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 2018-ல் நாஸ்கார் எல்லோருக்கும் ஒரே துப்பாக்கியைக் கொடுத்தது. செலவு நின்றதா? பிடிக்கிற கைக்குப் போனது. கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய வாட்டசாட்டமான இளைஞர்களைத் தேடிப்பிடித்து, பயிற்சியாளர் வைத்துப் பழக்குவது முன்பே இருந்த வழக்கம்தான், அதற்கு இன்னும் மவுசு கூடிவிட்டது. இன்றைய பேச்சு முழுக்க இதைத்தான் சுற்றி வரும்: செலவை அடைக்க ஒரு வாசலைச் சாத்தினால் அது அடுத்த வாசல் வழியாக வரும்.

2022-ல் புதிய கார் வந்தது. 18 அங்குல அலுமினியச் சக்கரம், நடுவில் ஒற்றை நட்டு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அச்சிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முளைகள் சக்கரத்தின் துளைகளில் சரியாகப் போய் உட்கார வேண்டும். உட்காராமலே முறுக்கினால், இறுகியதுபோல் தெரிந்து நாலு சுற்றில் தளர்ந்துவிடும். ஐந்தில் ஒன்று தளர்ந்தால் மற்ற நான்கும் தாங்கும். ஒன்றே ஒன்று தளர்ந்தால்? அந்த ஆண்டு சக்கரங்கள் கழன்று ஓடின. சக்கரம் கழன்றால் அணியின் தலைமை மெக்கானிக்குக்கும் இரண்டு ஊழியர்களுக்கும் நான்கு பந்தயத் தடை என்பது அந்த ஆண்டின் விதி.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். ஃபுளோரிடா மாநிலத்து டேட்டோனா பீச்சில் பட்டறை வைத்திருந்தவர் ஸ்மோக்கி யூனிக், பலே கெட்டிக்கார மெக்கானிக். பெட்ரோல் டாங்கி எவ்வளவு கொள்ள வேண்டும் என்று விதி சொன்னதாம், டாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். அவர் 2 அங்குலப் பருமனில் 11 அடிக் குழாயைச் சுருட்டிப் போட்டார், அதில் கூடுதலாக 5 காலன் பிடித்தது என்று பந்தய வட்டாரத்தில் இன்றும் சொல்கிறார்கள். ஒரு நிமிடம் கணக்குப் போடுவோம். 2 அங்குலம் என்றால் 5 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 11 அடி என்றால் 335 சென்டிமீட்டர். குழாய் வாயின் பரப்பையும் நீளத்தையும் பெருக்கினால் ஏழு லிட்டர்கூட வரவில்லை. காலன் கணக்கில் இரண்டுக்கும் குறைவு. ஐந்து காலன் என்பது வாய்வழியாக வளர்ந்தது. ஆனாலும் அந்த இரண்டு காலன் சாதாரணமில்லை. பந்தய வேகத்தில் இந்த வண்டிகள் காலனுக்கு ஏறத்தாழ 5 மைல்தான் ஓடும். டேட்டோனா ஓடுதளம் ஒரு சுற்று இரண்டரை மைல். ஆக, மற்றவர்கள் பெட்ரோலுக்கு ஒதுங்கும்போது நீங்கள் மூன்று சுற்று கூடுதலாக ஓடலாம். ஒரு பந்தயத்தை ஜெயிக்க அது போதும்.

குழாய்க்கு விதி எழுதினால், அதை அளக்க ஒரு கருவி வேண்டும், பார்க்க ஒரு ஆய்வாளர் வேண்டும். அடுத்த ஓட்டையை இன்னொருவர் கண்டுபிடிப்பார். விதிப்புத்தகம் இப்படித்தான் தடித்தது.

எல்லா விதியும் அப்படி வீணானதில்லை. ஒரு காலத்தில், யார் முன்னால் நின்று கிளம்புவது என்று தீர்மானிக்கும் தகுதிச் சுற்றுக்கு ஒரு எஞ்சின், பந்தயத்துக்கு வேறொன்று. தகுதிச் சுற்று எஞ்சின் சில நிமிடம் உயிரோடிருந்தால் போதும் என்று கட்டப்பட்டது. 2002-ல் வார இறுதிக்கு ஒரே எஞ்சின் என்றார்கள். அதற்குப் பிறகும் எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்குப் பத்தாயிரத்தை நெருங்கியது. அந்த வேகத்தில் வால்வு ஸ்பிரிங் சோர்ந்துவிடும், வால்வு மூட நேரமில்லாமல் பிஸ்டனில் இடிக்கும், எஞ்சின் சிதறும். அதைத் தடுக்க விலையுயர்ந்த உலோகம், அடிக்கடி மாற்றம். 2005-ல் ஓடுதளத்துக்கு ஓடுதளம் பின் அச்சின் கியர் விகிதம் இதுதான் என்று நாஸ்கார் நிர்ணயித்தது. சைக்கிளில் பல்சக்கரத்தை மாற்றினால் அதே வேகத்துக்கு மிதிக்கும் எண்ணிக்கை மாறும் அல்லவா, அதேதான். கியர் நிலையானால் அதற்குமேல் சுற்றும் எஞ்சினைக் கட்டிப் பயனில்லை. எஞ்சினைப் பிரிக்க வேண்டாம், பற்களை எண்ணினால் போதும். இந்தப் பந்தயத்தில் வந்தவற்றிலேயே மிகச் சிக்கனமான விதி இதுதான் என்பேன்.

இதற்கு நேர் எதிர் 2019. காரின் பின்னால் காற்றைத் தடுத்து நிற்கும் ஸ்பாய்லர் தகட்டின் உயரம் முந்தைய ஆண்டு இரண்டரை அங்குலம்கூட இல்லை, அந்த ஆண்டு 8 அங்குலம். தகடு மலிவுதான். ஆனால் பின்னால் காற்று அழுத்தினால் முன்பக்கத்து ஸ்பிரிங் மாற வேண்டும், காரின்மேல் காற்றை வீசிப் பார்க்கும் காற்றுச் சுரங்கத்தில் மறுபடி மணிக்கணக்கில் சோதிக்க வேண்டும். பெரிய ஓடுதளங்களில் எஞ்சின் சக்தியை 550 குதிரைத்திறனுக்கு இறக்கியதால் எஞ்சினின் உள்பாகங்களையும் திருத்த வேண்டும். பழைய உதிரிகள் அலமாரியில் தூங்கும். இதையெல்லாம் முதலில் கற்றுக்கொள்பவர் யார்? ஆட்பலமும் பணபலமும் உள்ளவர்தான். அந்த ஆண்டு 36 பந்தயங்களில் 19-ஐ ஜோ கிப்ஸ் என்ற ஒரே அணி ஜெயித்தது.

2022-ல் மறுபடி 19, ஆனால் வேறு 19. அந்த ஆண்டு பந்தயம் ஜெயித்த ஓட்டுநர்கள் 19 பேர். காரணம், சட்டகம் (சேசிஸ்), கியர் பெட்டி, பிரேக், உடற்கூடு எல்லாமே ஒரு பாகத்துக்கு ஒரே தயாரிப்பாளர் என்றானது. செய்யக்கூடாததை எழுதுவதை விட்டுவிட்டு, பாகத்தையே கையில் கொடுத்துவிட்டார்கள். ஒரு காருக்கு ஏழு சட்டகம்தான் வரம்பு. சட்டகம் மூன்று துண்டு, போல்ட் போட்டு இணைப்பது. முன்துண்டு நசுங்கினால் அதை மட்டும் மாற்றலாம். கைவைத்தால் தண்டனை கடுமை: ஜூலையில் போகோனோ ஓடுதளத்தில் முதலிடம் வந்த டென்னி ஹாம்லினும் இரண்டாமிடம் வந்த கைல் புஷ்ஷும் தகுதி இழந்தார்கள். முன்முகப்பில் மெல்லிய டேப் ஒட்டியிருந்ததுதான் குற்றம். மூன்றாவதாக வந்த சேஸ் எலியட்டுக்கு வெற்றி.

ஆனால் ஒரே தயாரிப்பாளர் என்றால் ஒரே குறை எல்லோருக்கும். பழைய காரில் லாரிபோலக் கெட்டியான பின் அச்சு, சுவரில் உரசினாலும் ஓடும். புதியதில் பின்சக்கரங்கள் தனித்தனி. சக்கரத்தின் திசையைப் பிடித்திருக்கும் மெல்லிய கம்பி ஒரு உரசலில் வளைந்துவிடும், பந்தயம் அதோடு முடியும். கெட்டியான கம்பியைப் பட்டறையிலேயே செய்துகொள்ள அணிக்கு அனுமதியில்லை. அதைவிடப் பெரிய வேதனை, பின்துண்டு விறைப்பாக இருந்தது. நசுங்க வேண்டிய இடம் நசுங்கவில்லை, அடி ஓட்டுநரின் தலைக்குப் போனது. கர்ட் புஷ் அதே போகோனோவில் பின்பக்கம் மோதி, அந்த ஆண்டு திரும்பவே இல்லை. 2023-க்குப் பின்துண்டைத் தளர்த்தினார்கள். மலிவும் சமமும் முக்கியம்தான், ஆனால் இந்தச் சோதனை முதலில் நடந்திருக்க வேண்டும்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். குட்டி ஓடுதளங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். மார்ட்டின்ஸ்வில் மாதிரி, அரை மைலை ஒட்டிய தளம். நம் நாராயண் கார்த்திகேயன் 2010-ல் நாஸ்கார் டிரக் தொடரில் அறிமுகமானது அங்கேதான். புதிய காரில் பெரிய பிரேக், அகல டயர், எல்லோருக்கும் ஒரே பிடிமானம், அதனால் முந்துவது கடினம். இதற்காக 2026 முதல் ஒன்றரை மைலுக்குக் குறைந்த தளங்களில் சக்தியை 670-லிருந்து 750 குதிரைத்திறனாக ஏற்றுகிறார்கள். டயர் வழுக்கினால் ஓட்டுநரின் கைத்திறமை தெரியும். செலவு எங்கே போகும் என்று அறிய, எஞ்சினைப் பிரிக்கும்போது வால்வு ஸ்பிரிங்கைப் பாருங்கள். வணக்கம்.