எத்தனை இட்லி, எவ்வளவு சாம்பார்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலீஷில் சாப்பாட்டுச் சாமான்களில் எதை எண்ணுவது, எதை அளப்பது, இதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. ஸ்கூலில் கவுண்டபிள், அன்கவுண்டபிள் என்று இரண்டு பட்டியல் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்கிறார்கள், எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை, அந்தக் கணக்கில் பாதி நம்ம அடுக்களையிலேயே இருக்கும்போது பட்டியல் எதற்கு?

காலைப் பந்தியில் பரிமாறுகிறவர் என்ன கேட்கிறார்? இட்லி எத்தனை வைக்கட்டும், சாம்பார் எவ்வளவு ஊற்றட்டும். எத்தனை சாம்பார் என்று யாராவது கேட்டதுண்டா? எத்தனை வருகிற இடத்தில் மெனி, எவ்வளவு வருகிற இடத்தில் மச். முட்டை, வாழைப்பழம், வடைக்கு மெனி. பால், நெய், உப்பு, சர்க்கரைக்கு மச்.

அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண்ணலாமே என்று பிள்ளைகள் கேட்கும். நல்ல கேள்வி. எண்ணலாம், ஆனால் யார் எண்ணுகிறார்கள்? அறுவடை சமயத்தில் நம்ம பக்கத்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நெல் குவியல் குவியலாகக் கிடக்கும், ஈரப்பதம் பார்த்து, தூற்றி, சாக்கில் பிடித்து, தராசில் 40 கிலோ நின்றதும் வாயைத் தைத்து ஓரமாக அடுக்குவார்கள். அதுவரைக்கும் எவ்வளவு நெல் என்றுதான் பேச்சு. அடுக்கி முடித்ததும் எத்தனை சிப்பம் என்று கேட்பார்கள். எத்தனை வந்துவிட்டது பார்த்தீர்களா? 12 மரக்கால் ஒரு கலம் என்று அளந்த காலத்திலும் இதே கதைதான். இங்கிலீஷிலும் டூ ரைஸ் கிடையாது, டூ பேக்ஸ் ஆஃப் ரைஸ் உண்டு. எஸ் போய் ஒட்டுவது சாக்கில். திரும்பவும் சொல்கிறேன், எஸ் சாக்கில்தான், அரிசியில் ஒட்டாது.

சரி, நம்ம காது கைவிடுகிற இடமும் உண்டு. எத்தனை பிரெட் வேண்டும் என்று நாம் கேட்போம், அங்கே டூ ஸ்லைசஸ் ஆஃப் பிரெட் என்றுதான் சொல்ல வேண்டும், டோஸ்டுக்கும் அப்படியே. பருப்பு நேர்மாறு, நாம் எவ்வளவு என்கிறோம், அவர்கள் லென்டில்ஸ் என்று பன்மையில் சொல்கிறார்கள். கோதுமைக்கு வீட் ஒருமை, ஓட்ஸ் பன்மை, இதற்கெல்லாம் நியாயம் கேட்டுப் பயனில்லை, கேட்டுக் கேட்டுப் பழக வேண்டியதுதான். பட்டாணி கதை இன்னும் விசேஷம். பீஸ் என்பது முன்பு ரைஸ் மாதிரி அளக்கிற சொல்லாகத்தான் இருந்தது, கடைசி ஒலியைப் பன்மை என்று எடுத்துக்கொண்டு 17ஆம் நூற்றாண்டு வாக்கில் பீ என்று ஓர் ஒருமையே உண்டாக்கிவிட்டார்கள்!

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். காபி, சிக்கன் இரண்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். காபி மச் வகைதான், ஆனாலும் கும்பகோணத்தில் டிகிரி காபி கடையில் ரெண்டு காபி என்றால் ரெண்டு டம்ளர் வருகிற மாதிரி, இங்கிலீஷ் ஹோட்டலில் டூ காஃபீஸ் தாராளமாகச் சொல்லலாம். சிக்கன் கறியாக இருந்தால் முன்னால் ஏ போடாதீர்கள், ஏ சிக்கன் என்றால் முழுக்கோழி. மீன், கேக் எல்லாம் அப்புறம் ஒரு நாள் பார்க்கலாம், வணக்கம்.