பட்டானை வீழ்த்தியது பசியே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "1942 ஏப்ரல் 9 அன்று பிலிப்பைன்ஸின் பட்டான் தீபகற்பத்தை வீழ்த்தியது எதிரியின் பலமா, உள்ளிருந்த பசியா?" என்பது இன்றைய தலைப்பு. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க, பிலிப்பினோ வீரர்கள் ஜப்பானியரை எதிர்த்து நின்ற இடம் அது. அதை வீழ்த்தியது பசியே என்று வாதாட வந்திருக்கிறோம்.

எதிரணித் தலைவர் மூன்று காரணங்களை அடுக்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். வானமும் கடலும் ஜப்பானியர் கையில் இருந்தன. பிலிப்பினோ படை அரைகுறைப் பயிற்சி பெற்ற ரிசர்வ் படை. ஏப்ரல் 3 அன்று விழுந்த குண்டு மழையை எந்தப் படையாலும் தாங்கியிருக்க முடியாது. இந்த மூன்றும் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் முதல் இரண்டும் ஜனவரியிலும் அப்படியேதான் இருந்தன. அப்போது பட்டான் ஏன் விழவில்லை?

ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். பட்டானின் முதல் தடுப்பான அபுகாய் அரண்வரிசையைத் தாக்க ஜப்பானியத் தளபதி ஜெனரல் ஹொம்மா அனுப்பிய 65-வது பிரிகேடில் இருந்தவர்கள் 6,651 பேர். இரண்டு வாரச் சண்டையில் அதில் 1,472 பேரை அவர்கள் இழந்தார்கள். பாதுகாத்தவர்கள் அந்த வரிசையை விட்டுக்கொடுத்தார்கள் என்றாலும் ஒழுங்காகப் பின்வாங்கி, ஓரியன் – பகாக் இடையே புது வரிசை அமைத்து உட்கார்ந்தார்கள். மேற்குக் கரையில் கடல் வழியாக இறங்கிய ஜப்பானியப் பிரிவுகளை அங்கேயே முடித்தார்கள். பிப்ரவரி 8-ல் தாக்குதலை நிறுத்தச் சொன்னது ஹொம்மாதான். அந்த மாத இறுதிக்குள் அவர் படையில் ஏறக்குறைய 7,000 பேர் இறந்தும் காயப்பட்டும் போயிருந்தார்கள். 10,000-க்கும் மேற்பட்டோர் மலேரியா, வயிற்றுக்கடுப்பு, சத்துக்குறைவால் வரும் பெரிபெரி என்று படுத்துக்கிடந்தார்கள்.

இதைச் செய்தது எதிரணியினர் சொல்லும் அந்த அரைகுறைப் படைதான். அவர்கள் கையில் என்ன துப்பாக்கி இருந்தது தெரியுமா? முதல் உலகப்போர்க் காலத்து என்ஃபீல்ட். சராசரி பிலிப்பினோ உடல்வாகுக்கு அதன் மரக்கட்டை நீளம் அதிகம். சுட்ட பிறகு வெற்றுத் தோட்டாக் கூட்டைப் பிடித்து வெளியே இழுக்கிற கொக்கி அதில் பலவீனமானது, அடிக்கடி ஒடியும். மாற்று உதிரிபாகம் கிடையாது. கொக்கி ஒடிந்தால் கூடு அறைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். குழலின் வாய் வழியாக மூங்கில் குச்சியை விட்டுக் குத்தி, கூட்டைப் பின்பக்கமாகத் தள்ளி, அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டார்கள். மோர்ட்டார் குண்டுகளோ பழையவை, பெரும்பாலானவை வெடிக்கவே இல்லை. இவற்றை வைத்துக்கொண்டுதான் ஹொம்மாவை நிறுத்தினார்கள்.

பிறகு எங்கே தவறியது? கணக்கைப் போட்டுப் பார்ப்போம், நடுவர் அவர்களே.

அமெரிக்கப் படையின் பழைய போர்த்திட்டத்தின் பெயர் ஆரஞ்சு. எதிரி பிலிப்பைன்ஸின் பிரதான தீவான லூசானில் இறங்கினால் பட்டானுக்குள் பின்வாங்க வேண்டும். 43,000 பேர் ஆறு மாதம் நின்று மணிலா விரிகுடாவை அடைத்துவைக்க வேண்டும். 43,000 பேருக்கு 180 நாள் என்றால் 77 லட்சத்து 40 ஆயிரம் பங்கு உணவு; ஒருவரின் ஒரு நாள் உணவு ஒரு பங்கு. 1941-ல் அங்கிருந்த அமெரிக்க, பிலிப்பினோ படைகளின் தலைமைத் தளபதி ஜெனரல் மெக்கார்தர் அதை மாற்றினார். கரையிலேயே எதிரியைத் தடுப்போம் என்றார். சரக்கு பட்டானுக்குப் போகாமல் கடற்கரைகளுக்கு அருகிலிருந்த முன்னணிக் கிடங்குகளுக்குப் போனது. டிசம்பர் 8-ல் போர் தொடங்கியது. 22-ல் லிங்காயென் வளைகுடாவில் எதிரியின் பிரதான படை இறங்கியது. கரையில் தடுக்க முடியவில்லை. 23-ல் மறுபடி ஆரஞ்சு திட்டம். கிடைத்த இரண்டு வாரம் வீணாகி, மிஞ்சியது ஒரு வாரம்.

அந்த ஒரு வாரத்தில் எல்லாமே ஒரே நேரத்தில் நெரிந்தது. விமானத் தாக்குதலால் ரயில் ஊழியர்கள் விலகிப்போனார்கள், ரயில் ஓடவில்லை. லாரிகளைப் படைப்பிரிவுகள் ஆள் ஏற்றிக்கொள்ள எடுத்துக்கொண்டன. தெற்கிலிருந்து வந்த படையும் வடக்கிலிருந்து வந்த படையும் சான் ஃபெர்னாண்டோவில் ஒரே சாலையில் சேர்ந்தன. மணிலாவிலிருந்து படகில் வந்த சரக்கு முதலில் விரிகுடா வாயிலில் இருந்த கோட்டைத் தீவான கொரிஜிடோருக்கு. அங்கே 10,000 பேருக்கு ஆறு மாத இருப்பு நிரப்பிய பிறகுதான் பட்டானுக்கு. கபனாத்துவானில் அரசு அரிசிக் கிடங்கு நிரம்பி நின்றது. ஒரு மாகாணத்து அரிசியை வேறு மாகாணத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்ற விதி குறுக்கே நின்றதால் அது அங்கேயே கிடந்தது. டார்லாக்கில் ஜப்பானிய வியாபாரிகளிடம் இருந்த 2,000 பெட்டி டின் உணவை எடுத்துக்கொள்ள முனைந்த அதிகாரிக்குத் தலைமையகம் அனுமதி மறுத்தது. இதில் எதை எதிரியின் பலம் என்று சொல்வது? இதெல்லாம் பாதுகாத்தவர்கள் பக்கத்துக் காகிதங்களில் நடந்தது.

பட்டானுக்குள் போய்ச் சேர்ந்தவர்கள் 43,000 பேர் அல்ல. ஏறக்குறைய 80,000 வீரர்கள், 26,000 பொதுமக்கள். ஜனவரி தொடக்கத்தில் இருப்பை எண்ணினால் 1,00,000 பேருக்கு 30 நாள் உணவு. டின் இறைச்சியும் மீனும் 50 நாளுக்கு; அரிசி 20 நாளுக்கு மட்டும். சோறு தின்று வளர்ந்த படைக்கு அரிசிதான் மிகக் குறைவு! ஆக மொத்தம் 30 லட்சம் பங்கு. திட்டப்படி 77 லட்சம் பங்கு அங்கே இருந்திருந்தால், 1,06,000 பேர் முழு வயிறு தின்றாலும் 73 நாள்; அரை வயிறு தின்றால் 146 நாள், அதாவது ஜூன் வரை. இருந்ததோ, அரைப் பங்காகக் கொடுத்தாலும் மார்ச் முதல் வாரத்தைத் தாண்டாத இருப்பு.

ஜனவரி முதல் வாரமே பங்கு பாதியானது. நாளைக்கு 2,000 கலோரி, பிப்ரவரியில் 1,500, மார்ச்சில் 1,000. காடு மலையில் பதுங்குகுழி வெட்டுகிறவனுக்கு இந்த 1,000-ஐப்போல மூன்று நான்கு மடங்கு வேண்டும். வயல்களில் நின்ற நெல்லை அடித்து, ஆலை வைத்துக் குத்தினார்கள். உழவுக்கு நின்ற எருமைகளை அறுத்தார்கள். தீவனமும் தீர்ந்தபோது மார்ச் நடுவில் 26-வது குதிரைப்படையின் 250 குதிரைகளையும் 48 கோவேறு கழுதைகளையும் அறுத்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து முற்றுகையைத் தாண்டி மூன்று கப்பல்கள் சுமார் 10,000 டன்னோடு தெற்குத் தீவுகள் வரை வந்தன. அதில் கொரிஜிடோர் வந்து சேர்ந்தது 1,000 டன் அளவு. பட்டானின் நான்கு நாள் சாப்பாடு அது.

பசி தனியாக வருவதில்லை. தீட்டிய அரிசியை மட்டும் தின்றால் உடலில் பி1 சத்து தீரும், கால் வீங்கும், நடை தளரும், அது பெரிபெரி. மலேரியா வராமல் தடுக்கக் கொடுத்துவந்த குவினைன், மார்ச் தொடக்கத்தில் தீரும் நிலைக்கு வந்தது. காய்ச்சல் வந்தவனுக்கு மட்டும் என்று வைத்தார்கள். கொசுவுக்குப் பேர்போன பள்ளத்தாக்குகளில் தடுப்பு மருந்து இல்லாமல் படுத்தவர்களில் நாளொன்றுக்கு 500 பேர் காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள்.

இப்போது எதிரணியின் ஏப்ரல் 3-க்கு வருகிறேன். ஹொம்மாவுக்குப் புதுப் படை வந்தது, பீரங்கி வந்தது, குண்டுவீச்சு விமானம் வந்தது. பட்டான் அரண்வரிசையில் இருந்த சமாத் மலைச்சரிவு மணிக்கணக்கில் எரிந்தது. உண்மை. அங்கே நின்றது யார்? ஜெனரல் விசென்டே லிம்மின் 41-வது டிவிஷன். ஜனவரியில் அபுகாயில் 65-வது பிரிகேடை எதிர்த்து நின்றதும் அதே டிவிஷன், அதே தளபதி. ஜனவரியில் நின்ற டிவிஷன் ஏப்ரலில் அன்று மாலைக்குள் உடைந்தது. குண்டு அதிகம் என்பதால் முன்வரிசை உடையலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடைந்த படை திரும்பக் கூடி, பின்னாலிருந்து வந்த படையோடு சேர்ந்து எதிர்த்தாக்குதல் நடத்துவதுதானே அரண்போரின் உயிர்? ஜனவரியில் அதைச் செய்தார்கள். ஏப்ரல் 6-ல் செய்து பார்த்தபோது மலை ஏறவே கால் வரவில்லை. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு சில நூறு கஜம் நடந்தால் உட்கார்ந்துவிடும் ஆட்களை வைத்து எந்தத் தளபதி என்ன செய்வார்?

"சோறு இருந்தாலும் உதவிப்படை வந்திருக்காதே" என்று எதிரணித் தோழர் கேட்டார். வந்திருக்காது. ஒருநாள் விழுந்துதான் இருக்கும். ஏப்ரல் 9-ல், அந்த நிலையில், ஏன் விழுந்தது என்பதுதான் நம் முன் உள்ள கேள்வி. அதற்கான சாட்சியைச் சரணடைந்த பட்டான் தளபதி ஜெனரல் கிங்கே விட்டுச் சென்றிருக்கிறார். வெடிமருந்தை அழிக்கச் சொன்ன அவர், லாரிகளையும் பெட்ரோலையும் மட்டும் அழிக்காமல் ஒதுக்கிவைத்தார். லமாவோவில் ஜப்பானிய அதிகாரியின் முன் உட்கார்ந்து, என் ஆட்களை அந்த லாரிகளிலேயே ஏற்றிச்செல்ல விடுங்கள் என்று கேட்டார். அவர்களால் நடக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. மரிவெலெஸிலிருந்து சான் ஃபெர்னாண்டோவுக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல், வெயிலில், அவர்களை நடத்திக் கூட்டிப்போனார்கள்.